பெயிண்டுக்கு அடியில் இருந்த எண்

மலேசியச் சுதந்திர தினத்து மெர்டேக்கா ஊர்வலத்தில் எங்கள் அலங்கார வண்டியை இழுக்கவிருந்த பழைய டிராக்டரின் சக்கர போல்ட், அன்று காலை பார்த்து முறிந்தது.

எந்த வருஷத்து வண்டி என்று கடைக்காரர் கேட்டார். வருஷத்தைக் காட்டும் எண் தகட்டில் வெள்ளைக்காரன் கம்பெனிப் பெயர் எதற்கு என்று அதன்மேல் பெயிண்ட் அடித்தவனே நான்தான்.

"ஜப்பான்காரன் போனதுக்கு அப்புறம் வந்த வண்டிதான்லா," என்று அடித்துச் சொல்லி, அவர் கொடுத்ததை வாங்கிவந்து முறுக்கினேன். இரண்டு சுற்றில் இறுகியது. விடாமல் முறுக்கினேன்.

"ஜாங்ஙான் பக்சா," பலவந்தம் பண்ணாதே என்று மலாயில் தடுத்தார், மலாக்காவின் காஜா பேராங்கில் தலைமுறைகளாக மலாயே பேசி வாழும் தமிழ் வம்சத்துச் செட்டி ஒருவர்.

"தமிழே தெரியாது, மெஷின் தெரியுமாக்கும்," என்று முணுமுணுத்தேன்.

அவர் பேனாக்கத்தியால் தகட்டைச் சுரண்டி எண்ணைப் படித்தார். ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய வண்டி. போல்ட்டின் மரையே வேறாம். வீட்டுக்கு ஓடி, அந்தக் காலத்து டிராக்டரில் கழற்றியது என்று ஒரு போல்ட் கொண்டுவந்தார். அது விரலாலேயே சுழன்று உள்ளே போனது.

ஊர்வலம் அவர் வீட்டைக் கடந்தபோதுதான் பார்த்தேன். வாசல் கேட்டின் ஒரு பக்கம் கயிற்றால் கட்டியிருந்தது. அதுவரை அதைத் தாங்கியது அந்த போல்ட்தான்.

கழுத்தில் மாலையோடு நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தபடி கையசைத்தார். என் முணுமுணுப்பு அவருக்குப் புரிந்ததா என்று கேட்க, இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.