மூன்று பிறந்தநாள் ஆண்டியப்பன்

ஊசிமலைத் தோட்டத்தில் யாருக்கும் பிறந்தநாள் என்று ஒன்று கிடையாது. ஆண்டியப்பனுக்கு மட்டும் மூன்று இருந்தன.

இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைக்கும் ராகலைக்கும் இடையில் எந்த லய வீட்டிலும் இல்லை. மாரியம்மன் திருவிழா நாடகத்தில், ராஜாவும் ராணியும் உள்ளே உடுப்பு மாற்றுகிற நேரத்தை நிரப்ப இரண்டு பபூன்கள் வேண்டும். ஊசிமலையில் அந்த இரண்டு பேர் ஆண்டியப்பனும் அவனுடைய கூட்டாளி இராமையாவும்தான். பகலெல்லாம் இருவரும் மலையில் தேயிலைக் கொப்புகளை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணுவார்கள். திருவிழா வந்தால் மூஞ்சியில் மாவைப் பூசிக்கொண்டு மேடையேறுவார்கள்.

"அண்ணே, ஒங்களுக்கு வருசத்துக்கு எத்தன பொறந்த நாளுங்க?" என்பான் இராமையா.

"மூணுடா."

"அப்ப ஒங்க வயசு?"

"கூட்டிப் பாத்தா எங்க பாட்டனுக்கு நான் மூத்தவன்."

"எனக்கு ஒண்ணு குடுத்தா என்னண்ணே?"

"ஒனக்கு எதுக்குடா? நீ பொறந்ததே ஒங்கம்மாவுக்குத் தெரியாது. கொழுந்து நிறுக்கையில கூடைக்குள்ள கெடந்த."

பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாகும். அதற்குள் ராணி மீசையை மழித்துவிட்டு வந்துவிடுவாள்.

இந்த மூன்று பிறந்தநாளும் வந்த கதை வேறு. அந்தக் காலத்தில் தோட்ட வேலை பழகுவதற்கென்று சீமையிலிருந்து பையன்களை அனுப்புவார்கள். வந்திறங்கும்போது அவர்களுக்குப் பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். தேயிலைச் செடிக்கும் கொய்யாச் செடிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் வந்த அன்றே அவன் சின்னத்துரை. பெரிய துரை அவனைக் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "ஆண்டியப்பன்கிட்ட போ" என்பார். ஆண்டியப்பன் சிரிக்க வைப்பான், சிரித்தால் தமிழ் சீக்கிரம் வரும் என்பது பெரிய துரையின் கணக்கு.

கத்தியை எப்படிப் பிடிப்பது, எந்தக் கொப்பை வெட்டுவது, எதை விடுவது என்று ஆண்டியப்பன் காட்டிக்கொடுப்பான். பையன் ஒரு சின்னப் புத்தகத்தில் தமிழை இங்கிலீசு எழுத்தில் எழுதிக்கொள்வான். "சுறுக்கா வெட்டு", "பேசாம வேலயப் பாரு", "நாளைக்கு வேல இல்ல." தன்னை அதட்டுவதற்கான வார்த்தைகளைத் தானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த வாத்தியார் உலகத்தில் ஆண்டியப்பன் ஒருவனாகத்தான் இருப்பான்.

முப்பத்தெட்டாம் வருசம் வந்தவன் நெட்டைத் துரை. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, இன்றைக்குத் தன் பிறந்தநாள் என்றான். வீட்டு ஞாபகத்தில் கண் கலங்கியிருந்தது. "உனக்கு எப்போ?" என்று கேட்டான். ஆண்டியப்பனுக்கு என்ன தெரியும்? ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து நடந்த வருசம், அடைமழையில் பெற்றேன் என்று ஆத்தா சொன்னதோடு சரி. அதைச் சொன்னால் அந்தப் பிள்ளையின் முகம் தெளியாது. "எனக்கும் இன்னிக்குத்தாங்க தொரை" என்றான். பையன் துள்ளிக் குதித்தான். சாயந்தரம் பங்களாவுக்குக் கூப்பிட்டுத் தன்னுடைய கறுப்புக் கோட்டையே கழற்றிக் கொடுத்துவிட்டான்.

அதற்கப்புறம் செம்பட்டைத் துரை வந்தான். அவனுடைய பிறந்தநாளிலும் ஆண்டியப்பன் பிறந்தான், ஒரு அலாரம் மணிக்கூடு கிடைத்தது. கண்ணாடித் துரையோடு பிறந்ததற்கு ஒரு குடை. ஆசைப்பட்டுச் செய்தான் என்று சொல்லிவிட முடியாது. தனியாக நிற்கிற பையனுக்கு ஒரு துணைப் பிறந்தநாள், அவ்வளவுதான் அவன் நினைத்தது. கோட்டும் குடையும் வேண்டாம் என்றும் அவன் சொல்லவில்லை.

வேலை பழகி வேறு தோட்டத்துக்குப் போகும்போது ஒவ்வொரு துரையும் ஒரு நற்சான்றுக் கடுதாசி எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். மூன்றையும் அவன் வீட்டுக்காரி பேச்சியம்மா பிஸ்கட் டின்னில், அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று புருசனுக்கும் தெரியாது, பெண்சாதிக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் கையெழுத்து என்பதே போதுமானதாக இருந்தது.

"நீ படிச்சுக் குடுத்த பயலுக எல்லாம் பெரிய தொரையாகி காருல போறானுக. நீ அதே கத்தியோட அதே மலையில நிக்கிற" என்று இராமையா குத்திக்காட்டுவான்.

"வாத்தியாருக்குப் பரீட்சை கெடையாதுடா" என்பான் ஆண்டியப்பன்.

பரீட்சை வந்தது. நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு, தோட்டத்துச் சனம் இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்றார்கள். வேண்டுமென்றால் மனுப் போட்டு, இங்கேதான் இருக்கிறோம் என்று ருசுக்காட்டிப் பேர் பதிந்துகொள்ள வேண்டுமாம். பேர் பதியாவிட்டால் ஓட்டு இல்லை. என்றைக்காவது இந்தியாவுக்குக் கப்பல் ஏறு என்றால் ஏற வேண்டியதுதான். ஆண்டியப்பன் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. மனு ஒன்றுதான், அதற்குள் பேச்சியம்மாவும் மகள் பூரணியும் அடக்கம். அவன் தேறினால் மூன்று பேரும் தேறுவார்கள்.

யூனியன் கந்தோரில் மனு எழுதியவருக்கு முன்னால் வாசல் வரைக்கும் சனம் நின்றது. ஆண்டியப்பன் பிஸ்கட் டின்னைத் திறந்து மூன்று கடுதாசியையும் பெருமையாக நீட்டினான். அவர் மேலே இருந்த ஒன்றை மட்டும் வாசித்து, அதிலிருந்த பிறந்த திகதியை மனுவில் எழுதி, மூன்றையும் அதோடு சேர்த்துக் குத்தி வைத்துவிட்டார். நாலு வருசம் ஒரு பேச்சும் இல்லை. ஐம்பத்தைந்தில் விசாரணைக்குக் கடுதாசி வந்தது.

அன்றைக்கு ஆண்டியப்பன் கோட்டைப் போட்டுக்கொண்டான். பதினேழு வருசக் கோட்டு, தோளில் கல்லைக் கட்டியது போல் கனத்தது. முழங்காலும் முன் மாதிரி இல்லை. பஸ்ஸில் பேச்சியம்மா குடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சாட்சிக்கு இராமையா கூட வந்தான்.

"வாத்தியாருக்கு இன்னிக்குப் பரீட்சை" என்றான் இராமையா.

"பேசாம வா" என்றான் ஆண்டியப்பன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

விசாரிக்கிற ஐயா கெட்டவர் இல்லை. அவரும் களைத்துப்போய்த்தான் இருந்தார். மூன்று கடுதாசியையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக மேசைமேல் வைத்து, நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பவரிடம் என்னவோ சொன்னார். மொழிபெயர்ப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"இந்த மூண்டு துரைமாரும் நீர் தங்கட பிறந்தநாளிலதான் பிறந்தனீர் எண்டு எழுதியிருக்கினம். ஒண்டு மாசி, ஒண்டு ஆடி, மற்றது கார்த்திகை. ஐயா கேக்கிறார், இதில எது உண்மை எண்டு."

அந்தப் பையன்கள் அதைப் போய் எழுதியிருப்பார்கள் என்று ஆண்டியப்பன் கனவில்கூட நினைக்கவில்லை. அன்பாகத்தான் எழுதியிருப்பார்கள்.

"மூணும் இல்லைங்க" என்றான்.

"அப்ப ஏன் சொன்னனீர்?"

"அவுங்க சின்னப் புள்ளைகங்க. தனியா இருந்தாங்க."

மொழிபெயர்ப்பவர் அதை இங்கிலீசில் சொன்னார். ஐயா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அப்படியானால் உண்மையில் எப்போது பிறந்தீர் என்று கேட்டார்.

"ஏழாம் நம்பர் மலையில கவ்வாத்து நடந்த வருசங்க. அடமழ."

"அந்த மலையில எத்தினை வருசத்துக்கு ஒருக்கா கவ்வாத்து?"

"நாலு வருசத்துக்கு ஒருக்காங்க."

சொல்லும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. முப்பது வருசமாக அவன் வெட்டிய மலை. அது அவனுக்கு எத்தனையோ பிறந்தநாளைக் கொடுத்தது, ஒன்றையும் நிச்சயமாகக் கொடுக்கவில்லை.

இராமையாவைக் கூப்பிட்டார்கள். இந்த ஆள் எப்போது பிறந்தார் என்று உமக்குத் தெரியுமா?

"அவரு எனக்கு மூணு வருசம் மூத்தவருங்க. அவரு பொறந்தப்ப நான் இல்லைங்க."

மொழிபெயர்ப்பவர் சிரித்துவிட்டார். இராமையா பதறிப்போய், "சிரிக்கச் சொல்லலைங்க, நெசமாத்தாங்க" என்றான். இருபது வருசம் ஊரைச் சிரிக்க வைத்தவர்கள், அன்றைக்கு அந்த மேசை முன்னால் சொன்னதெல்லாம் சத்தியம். எதைச் சொன்னாலும் பபூன் பேச்சாகவே விழுந்தது. பொய்யைப் பத்திரமாக டின்னில் வைத்தவனுக்கு, உண்மைக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வாசித்துச் சொன்னார். மூன்று கடுதாசியும் ஒரே ஆளைப் பற்றியவை என்று நம்ப முடியவில்லை, ஆகவே மனு தள்ளுபடி. ஆண்டியப்பன் கேட்டுக்கொண்டு, "சரிங்க" என்றான். லயத்தில் தன் காம்பராவுக்கு வந்து பேச்சியம்மாவிடமும் பூரணியிடமும் சொல்வதற்கு அவனுக்கு அன்று பகல் முழுவதும் பிடித்தது. பேச்சியம்மா அழவில்லை. மணிக்கூட்டையும் குடையையும் எடுத்துப் பரணில் போட்டாள். கோட்டை மட்டும் பரணுக்கு அனுப்பவில்லை, குளிர் காலம்.

அந்த வருசத் திருவிழாவில் பபூன் இல்லாமலே நாடகம் நடந்தது. முழங்கால் வலி என்று ஆண்டியப்பன் சொல்லிவிட்டான். தனியாக ஏற மாட்டேன் என்று இராமையாவும் இருந்துவிட்டான். உள்ளதைச் சொன்னால், இரண்டு பேருக்கும் அலுத்துப்போயிருந்தது.

அடுத்த வருசம் புதுச் சின்னத்துரை ஒருவன் வேலை பழக வந்தான். இந்தத் தடவை வெள்ளைக்காரன் இல்லை. கொழும்பில் படித்த சிங்களப் பையன், நல்ல பிள்ளை. பெரிய துரை வழக்கம்போலப் பெரட்டில் நிறுத்தி, "ஆண்டியப்பன்கிட்ட போ" என்றார். ஆண்டியப்பன் கத்தி பிடிக்கக் காட்டிக்கொடுத்தான். பையன் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.

இரண்டாம் கிழமை, பாறைமேல் உட்கார்ந்து இராமையாவும் சேர்த்து மூவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பையன் தட்டுத்தடுமாறிச் சொன்னான். "நாளைக்கு நான் பிறந்த நாள். உங்களுக்கு எப்போ?"

இராமையா தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்திவிட்டான். மேடையில் இந்தக் கேள்வியை எத்தனையோ தடவை கேட்டவன் அவன்தான். பதில் என்னவென்று இந்தத் தடவை அவனுக்குத் தெரியவில்லை.

ஆண்டியப்பன் பையனைப் பார்த்தான். முகத்தில் அதே வீட்டு ஞாபகம், நெட்டைத் துரைக்கு இருந்தது போலவே.

"நான் இன்னும் பொறக்கலைங்க தொரை" என்றான்.

பையனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். இந்தத் தோட்டத்தில் பெரிய பகிடிக்காரன் நீதான் என்று எல்லோரும் சொன்னது சரிதான் என்றான். சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, திருப்பிச் சொல்லச் சொன்னான்.

"நான்" என்றான் ஆண்டியப்பன். பையன் எழுதினான். "இன்னும்." எழுதினான். "பொறக்கல."

"நான் இன்னும் பொறக்களே" என்றான் பையன், சிரிப்பு அடங்காமல்.

"அப்படி இல்லைங்க தொரை" என்று சொல்லி, அது வாயில் சரியாக வரும்வரை ஆண்டியப்பன் மூன்று தடவை சொல்ல வைத்தான்.