முகமூடியின் இடது பக்கம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரைப் புத்தாண்டு சமயத்தில், தெமோதரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. மறக்க முடியாத அனுபவம் என்றால் ஆளாளுக்கு நல்லதாக ஏதாவது சொல்வார்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

நான் பதுளை டவுனில் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். மனைவிக்குத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற வேலை. ஒரே மகள், அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே எனக்குக் கைவேலைக்காரன் என்று ஒரு பெயர். கோயில் திருவிழாவுக்கு சப்பரம் கட்டினாலும் பள்ளிக்கூடத்துக்கு மேடை கட்டினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் என் தலைக்கு ஏறிவிட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருடம் ஒரு பேய்ப் படம் வந்தது. அதில் வில்லன், தீயில் வெந்துபோன மாதிரி ஒரு ரப்பர் முகமூடியைப் போட்டுக்கொண்டு வருவான். படம் குப்பை. ஆனால் அந்த முகமூடி என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு சுருக்கம்கூடப் பிசகாமல் அதே மாதிரி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். படத்தைப் போனில் நிறுத்தி நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். ஆற்றோரத்திலிருந்து களிமண் கொண்டுவந்து ஒரு பழைய பானையின் மேல் அப்பி முகத்தைச் செதுக்கினேன். தோடம்பழத் தோலை, அதாவது ஆரஞ்சுத் தோலை, அதன் மேல் அழுத்தி எடுத்தால் மனிதத் தோலில் இருப்பது போலவே குட்டிக் குட்டித் துவாரங்கள் விழும். அதைக் கண்டுபிடித்த அன்று சோறுகூட இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இப்படிச் சினிமாச் சாமான்களை அச்சு அசலாகச் செய்கிறவர்களுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருக்கிறது. களிமண் முகத்தைப் படம் எடுத்து அதில் போட்டேன். பாராட்டினார்கள். ஒருவர் மட்டும், வலது பக்கம் அசல், இடது பக்கம் என்ன தோசையா என்று கேட்டிருந்தார். கீழே ஐம்பது பேர் சிரித்திருந்தார்கள். அவர் சொன்னதில் தப்பில்லை. படத்தில் அந்த இடது பக்கம் எப்போதும் இருட்டில்தான் இருக்கும். ஒரு காட்சியிலும் சரியாகத் தெரியாது. வெந்த தோல் ஆறினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, கையில் வந்ததை அப்பிவிட்டேன்.

எப்படி இருக்கும் என்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது அம்மாமார் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தில், ஒரு அக்கா உதவிக்கு இருந்தார். குழந்தைகளுக்கு அவர் ஆயம்மா. பன்னிரண்டு வயதில் மண்ணெண்ணெய்க் குப்பிலாம்பு சாய்ந்து தீப்பிடித்ததில், இடது கண்ணுக்குக் கீழே தொடங்கிக் கழுத்து வரைக்கும் வெந்து ஆறிய தோல். இடது கை விரல்கள் ஒட்டிப்போனதால் கொழுந்து எடுக்க முடியாது. அதனால்தான் அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். கல்யாணம் ஆகவில்லை. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டுதான் போவார். பிள்ளைக்காம்பராவில் மட்டும் மூடுவதில்லை. கைக்குழந்தையிலிருந்து பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு அது ஒரு முகம், அவ்வளவுதான். என் மகள் அந்தத் தடித்த தழும்பை விரலால் தடவிக்கொண்டேதான் மத்தியானம் தூங்குவாளாம். வீட்டில் தூங்க வைக்கும்போதும் என் கன்னத்தில் அதைத் தேடுவாள்.

ஒரு நாள் மகளைக் கூட்டிவரப் போனபோது, இரண்டு பேரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுக்கிறேன் என்றேன். அக்காவுக்கு வெட்கமும் சந்தோஷமும். தலைமுடியை ஒதுக்கி, மகளை மடியில் சரியாக வைத்து, நல்ல பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நான் மற்றப் பக்கம் திரும்பச் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"இந்தப் பக்கமா தம்பி?"

ஆமாக்கா, வெளிச்சம் அந்தப் பக்கம்தான் நல்லா விழுது என்றேன். நம்பித் திரும்பினார். பத்துப் பன்னிரண்டு எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, மகளின் முகத்தை வெட்டித் தள்ளிவிட்டு, அந்தக் கன்னத்தை மட்டும் பார்த்துக் களிமண்ணில் இழைத்தேன். அவரைக் கேலி செய்ய வேண்டும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. அந்தக் கழுத்தில் எத்தனை மடிப்பு என்று எனக்குத் தெரியும். அது ஒரு மனுஷியின் கழுத்து என்று மட்டும் தோன்றவில்லை.

அப்புறம் எல்லாம் சரியாக வந்தது. களிமண்ணின் மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தேன். படல்கும்புரப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருக்கும் மாமா, உறையாமலிருக்க அமோனியா கலந்த ரப்பர் பால் ஒரு கேனில் கொடுத்தார். அதை அச்சுக்குள் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு என்று பூசினேன். எங்கள் ஊர்த் தூறலில் ஒரு பூச்சுக் காய்வதற்கே ஒரு நாள் ஆகிவிடும். வரிசை வீடெல்லாம், லயமே நாறுகிறது என்று மனைவி சத்தம் போட்டாள். கடைசியில் அச்சிலிருந்து உரித்து, சாயம் பூசி, குழுவில் போட்டேன். தோசை என்றவரே, இடது பக்கம் உயிரோடு இருக்கிறது என்று எழுதினார். அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் கடைசியாக வினோத உடைப் போட்டி வைப்பார்கள். முகமூடியைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினேன். உள்ளே வேர்வையும் அமோனியா நாற்றமும். இரண்டு சின்ன ஓட்டை வழியாக, முன்வரிசையில் பாய் விரித்துப் பிள்ளைக்காம்பராக் குழந்தைகள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அக்கா அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். படத்தில் வில்லன் செய்வது போலவே கையை விரித்து, கத்திக்கொண்டு குழந்தைகள் மேல் பாய்ந்தேன்.

குழந்தைகள் அலறினார்கள். எப்போதும் யாரிடம் ஓடுவார்களோ அவரிடமே ஓடினார்கள். அவர் மடியில் போய் விழுந்து, நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்கள். அப்போது வந்த அலறல் முதல் அலறல் போல இல்லை. மடியிலிருந்தும் எழுந்து ஓடத் தொடங்கினார்கள். எங்கே ஓடுவது என்று தெரியாமல் மைதானம் முழுக்கச் சிதறினார்கள். பின்னால் இருந்து யாரோ, அட நம்ம ஆயம்மாடா என்று கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என் ஆட்டத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் ஒரு சுற்று ஆடினேன். முதல் பரிசு எனக்குத்தான். ஒரு ரைஸ் குக்கர்.

முகமூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோது பாயில் யாருமே இல்லை. மனைவி பரிசைத் தொடவில்லை.

"ஒங்க மூஞ்சியப் பாத்துச் செஞ்சிருக்கலாம்ல" என்றாள்.

லீவு முடிந்து வேலை தொடங்கிய அன்று, பிள்ளைக்காம்பரா வாசலிலேயே என் மகள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் மட்டுமில்லை, பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். பிள்ளையை விட முடியாமல் நாலைந்து அம்மாமார் மலைக்கே போகவில்லை. மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. கைவேலைக்காரனுக்கு யோசனைக்கா பஞ்சம். முகமூடியைக் கொண்டுபோய்க் குழந்தைகள் கண் முன்னாலேயே போட்டுக் கழற்றிக் காட்டினால், இது வெறும் ரப்பர் என்று பயம் தெளிந்துவிடும் இல்லையா? கடைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். அக்காவிடம் கேட்டேனா என்றால், இல்லை. கேட்காமலே உள்ளே போய்க் குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்தேன்.

போட்டேன். கழற்றினேன். மறுபடி போட்டேன், கழற்றினேன். மூன்றாம் தடவை இரண்டு பேர் சிரித்தார்கள். ரப்பரைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தேன், இழுத்துப் பார்த்தார்கள். சாதித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்போது என் மகள் எழுந்து, பால் கரைத்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பயமெல்லாம் போய், ஆசையாகத்தான் கேட்டாள்.

"ஆயம்மா, நீயும் கழட்டு."

மற்றப் பிள்ளைகளும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். முந்தானையை எடுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டார். பிள்ளைக்காம்பராவுக்குள் அவர் அப்படிச் செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவர் கழற்றவில்லை என்றதும் மகள் அழத் தொடங்கினாள். மற்றதுகளும் சேர்ந்துகொண்டன. முன்பு பாதிப் பிள்ளைகள் பயந்தார்கள், அதற்குப் பிறகு மிச்சப் பாதியும். தோட்டத்து ஆபீஸில் கூடிப் பேசி, அவர் மேல் குற்றமில்லை, பிள்ளைகளுக்காகத்தான் என்று சொல்லி, அவரைத் தேயிலை நாற்று மேடைக்கு மாற்றினார்கள். பையில் மண் நிரப்புகிற வேலை. ஒட்டிப்போன விரலோடு அந்தப் பையை விரித்துப் பிடிக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆபீஸில் நானும் போய்ப் பேசினேன். முகமூடி செய்தவன் நீதானே என்று கேட்டார்கள்.

அவர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். மடுல்சீமையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதற்காகத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். தெரியாமச் செஞ்சிட்டேன்க்கா என்றேன். அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நீங்க பாத்துப் பாத்துத்தானே தம்பி செஞ்சீங்க" என்றார். மூட்டையின் முடிச்சை வாயால் இழுத்து இறுக்கினார். "நான் அசிங்கமா இருக்கேன்னு தெரியாத ஆளுங்க இந்தத் தோட்டத்துல அந்தப் புள்ளைங்க மட்டும்தான். அதுங்களுக்கும் சொல்லிக் குடுத்திட்டீங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. மடுல்சீமைக்கு பஸ் ஏறும்போது முகத்தை நன்றாக மூடியிருந்தார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அங்கே இருக்கும் பிள்ளைகள் அவரைக் கைக்குழந்தையிலிருந்து பார்த்தவர்கள் இல்லை. நான் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் தங்கைதான் வாசலுக்கு வந்தார், அக்காவுக்குச் சுகமில்லை என்றார்.

முகமூடியை வெட்டி எரித்தேன். மைதானத்தில் எடுத்த வீடியோவை நான் அழித்துவிட்டேன், ஆனால் மற்றவர்கள் போட்டது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கடைக்கு வரும் ஆட்கள், அது நீங்களா அண்ணே, சூப்பர் என்கிறார்கள். இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. ஆயம்மாவை அவளுக்கு ஞாபகமே இல்லை. போன மாதம் பதுளையிலிருந்து திரும்பும்போது, முகத்தில் ஒரு பக்கம் தழும்புள்ள ஒருவர் பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாமாவுக்குச் சிரிச்சுக் காட்டு என்று கெஞ்சிப் பார்த்தேன், இறங்கும் வரைக்கும் அவள் நிமிரவில்லை. அந்த மனிதர், பரவாயில்லைங்க, சின்னப் புள்ளைதானே என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் அப்படித்தான் என்று அவர் நினைத்திருப்பார். என் மகள் அப்படி இருந்தவள் இல்லை, அவளை அப்படி ஆக்கியது நான்தான்.