பாயக் கூடாத குதிரை

2024 ஓகஸ்ட் 17, சனிக்கிழமை. மயூராவுக்கு வயது முப்பத்தாறு. மற்ற நாள்களில் ஒஸ்லோவின் பாதாள ரயிலை ஓட்டுபவள். அன்று அவள் ஓட்ட வேண்டியிருந்தது குதிரை வண்டி.

குதிரையின் பெயர் லில்லெபுரூர். நோர்வே மொழியில் சின்னத்தம்பி என்று அர்த்தம். சின்னத்தம்பியின் எடை அரைத் தொன். வயலிலும் காட்டிலும் பாரம் இழுத்துப் பழகிய வடநாட்டு இனம். தடித்த கழுத்து, கண்ணை மறைக்கும் பிடரிமயிர். குளிர்காலத்தில் மரக்குற்றி இழுப்பான். கோடையில் பியெர்க்கே குதிரைப் பந்தயத் திடலில் இரண்டு சில்லு வண்டியோடு ஓடுவான்.

போட்டிகளில் வண்டி ஓட்ட மயூராவுக்கு உரிமம் வேண்டும். அதற்கான பரீட்சை ஓட்டத்தில் இரண்டு தடவை தவறிவிட்டாள். இதுவும் போனால் அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டியதுதான்.

விதி கடுமையானது. குதிரை எவ்வளவு வேகமாகவும் போகலாம், ஆனால் பெருநடையில்தான், அதாவது குறுக்குக் கால்கள் சோடி சோடியாக விழும் ஓட்டத்தில்தான், போக வேண்டும். நாலுகால் பாய்ச்சல் எடுத்தால் உடனே இழுத்து அந்த நடைக்குத் திருப்ப வேண்டும்; பாய்ச்சலில் யாரையும் முந்தி இடம் பிடிக்கக் கூடாது. அம்மருட்டில் இருக்கும் வீட்டிலிருந்து ரோல்ஸும் தேநீரும் கட்டிக்கொண்டு வந்திருந்த அம்மா சிவநாயகிக்கும் தம்பி சேந்தனுக்கும் இதையெல்லாம் விளக்க நேரம் இருக்கவில்லை.

கடைசி வளைவில் மயூரா ஆறாவது. வேலியோரமாக அம்மாவின் குரல் கிளம்பியது. திடுக்கிட்ட சின்னத்தம்பி பாய்ச்சல் எடுத்தான். மூன்று வண்டிகள் பின்னே போயின.

"விடு பிள்ளை! விடு! எல்லாரையும் முந்திறாய்!" என்று அம்மா கத்தினாள்.

மயூரா பின்னுக்குச் சாய்ந்து கடிவாளத்தை இழுத்தாள். முந்தப்பட்டவர்களும் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக அவளைக் கடந்தார்கள். குதிரை நடைக்குத் திரும்பியபோது அவளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

"நல்லா வந்த குதிரையை ஏனடி மறிச்சனீ?" வண்டியால் இறங்க முன்னரே அம்மா கேட்டாள்.

"அக்கா ரயில்காரியெல்லோ அம்மா," என்றான் சேந்தன். "ஸ்டேஷனைக் கண்டா பிரேக் போட்டிடுவா."

"வாயை மூடடா. பாய்ஞ்சு முந்தினா விலக்கிப்போடுவாங்கள்," என்றாள் மயூரா.

"குதிரை எண்டால் பாயத்தானே வேணும்?" என்றாள் அம்மா.

மயூராவின் கண் நடுவர் கூண்டில் இருந்தது. நடுவர் இறங்கி வந்தார். குதிரையை உடனே நடைக்குக் கொண்டுவந்ததையும், பிடித்த இடத்தை விட்டுக்கொடுத்ததையும் தான் பார்த்ததாகச் சொன்னார். பிறகு கை நீட்டி, "உரிமம் உங்களுக்குத்தான்" என்றார்.

"கடைசியா வந்தவளுக்கோ குடுக்கிறாங்கள்?" என்று அம்மா மெல்லக் கேட்டாள்.

"ஓம் அம்மா."

"அப்ப முதலா வந்த மனுசன்?"

"அவர் எப்பவோ எடுத்திட்டார்."

மயூராவின் முதல் போட்டி செப்டம்பர் 7. சின்னத்தம்பிக்கு ஐந்தாம் இலக்கம்.