முகத்துக்கு வாங்கிய லென்ஸ்

பனியன் கம்பெனியில் இருபது வருஷமாக எனக்குச் செக்கிங் வேலை. ஏற்றுமதிக்குப் போகிற பீஸ்களில் தையல் விட்டது, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை எல்லாம் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் கேமரா வாங்கப் போயிருக்கவே கூடாது.

ஊர் சுற்றும்போது படம் எடுக்க வேண்டும், என் மனைவியை நல்லதாக நாலு படம் எடுக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். மகள் பிறந்தபின் மனைவியின் கன்னத்தில் கருந்திட்டாக மங்கு விழுந்தது. அதிலிருந்து யார் போனை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கல்யாண ஆல்பத்தை விட்டால் அவளுக்கென்று ஒரு படம் கிடையாது. "நல்ல கேமரா வாங்குங்க, அப்பறம் நிக்கறனுங்க" என்று ஒருநாள் அவளே சொன்னாள்.

கோயமுத்தூர்க் கடைக்காரர் பொறுமையான மனிதர். மலை ஏற இறங்க எடை குறைந்த கேமரா பாடி, பயணத்துக்கு ஒரு ஜூம் லென்ஸ், முகத்துக்கு எண்பத்தைந்து எம்எம் என்று எடுத்து வைத்தார். நான் அப்படியே வாங்கிவிடுவேனா? பையிலிருந்து ஒரு டீசர்ட் துணித்துண்டை எடுத்து மேஜையில் விரித்தேன். ஒவ்வொரு லென்ஸிலும் அதைப் படம் பிடித்து, திரையில் பெரிதாக்கி, பின்னல் கண்ணி கண்ணியாகத் தெரிகிறதா என்று பார்த்தேன். எண்பத்தைந்தில் நடுவில் மட்டும் தெரிந்தது, ஓரம் கலங்கியது. ஒதுக்கினேன். பூச்சியையும் பூவையும் கிட்டத்தில் எடுக்கிற நூறு எம்எம் மேக்ரோவில் நூலின் ரோமம்கூடத் தெரிந்தது. அதற்குத் தோதாக, எவ்வளவு பெரிதாக்கினாலும் படம் உடையாத கனமான பாடியையும் எடுத்துக்கொண்டேன்.

"முகத்துக்குக் கொஞ்சம் சாஃப்டா இருந்தாத்தானுங்க அழகு" என்றார் கடைக்காரர்.

"மங்கலாத் தெரியறதுக்கு எதுக்குங்க காசு குடுக்கோணும்?" என்றேன். அந்தப் பதிலை நினைத்து ஊர் வந்து சேரும்வரை பெருமைப்பட்டேன். முட்டாள்.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் உடுமலைப்பேட்டைப் பக்கம் போனோம். தென்னந்தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தினேன். மனைவி வண்டிக் கண்ணாடியில் முகம் பார்த்து முடியை ஒதுக்கிக்கொண்டு வந்து நின்றாள். மகள் எதையோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். நான் மங்கைப் பார்த்தேன். ஸ்டுடியோவில் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று, பீஸில் பழுதுக்கு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற பழக்கத்தில், ஒவ்வொரு திட்டையும் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று இன்னும் சொல்லிக்கொள்கிறேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

டீ கொண்டுவந்தவள் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.

"மொத்தம் எத்தனைங்க?"

கம்பெனியில் சூப்பர்வைசர் தினமும் கேட்கிற கேள்வி. நான் யோசிக்கவே இல்லை.

"பதினொண்ணு" என்றேன்.

டீயை வைத்துவிட்டுப் போனாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை. பிற்பாடு மன்னிப்புக் கேட்டபோதும், "உடுங்க, உங்க வேலை அதுதானுங்களே" என்றாள்.

எண்பத்தைந்து எம்எம் லென்ஸையும் வாங்கிவிட்டேன். இதுவரை அதன் முன்னால் அவள் நின்றதில்லை. மகளின் பிறந்தநாளன்று மூன்று பேரும் சேர்ந்து நிற்கலாம், கேமராவை ஸ்டாண்டில் வைக்கிறேன் என்று கெஞ்சினேன். அவள் என் கையிலிருந்து கேமராவை மெதுவாக வாங்கினாள். "நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க, நான் எடுக்கறனுங்க" என்று சொல்லி, மகளைப் பார்த்து "சிரி கண்ணு" என்றாள்.

அந்தப் படத்தைத்தான் முன்னறையில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் அவள் ஏன் படத்தில் இல்லை என்று கேட்கிறார்கள். அவளுக்குப் படம் எடுக்கத்தான் பிடிக்கும் என்று நான் சொல்கிறேன். அவளும் பக்கத்தில் நின்று, ஆமாங்க என்கிறாள்.