மயக்க டாக்டரின் ஸ்கூட்டருக்குக் காவல்

சங்கரன்கோவிலில் யாரும் வரிசையில் நிற்பதில்லை. பஸ்ஸில் இடம்பிடிக்க ஜன்னல் வழியே துண்டைப் போடுகிறார்கள். ரேஷன் கடையில் மூன்று தலைகளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பையைக் கொடுக்கிறார்கள். டாக்டர் முன்னால் ஒருவர் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நிற்பவர் தன் வயிற்றுப்போக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். டாக்டரும் இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறார். இலங்கை மஸ்கெலியாவில் இன்னும் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும், எனக்கு முன்னே கப்பலேறி வந்து நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சிதறிக் கிடப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன். இந்த ஊரில் பிழைக்க முதலில் தொண்டை வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

எனக்கு அது தெரிய நாளாயிற்று. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவன் நான். மண்டபம் முகாமில் இருந்தேன், கொடைக்கானலில் மரம் வெட்டினேன், தேனிப் பக்கம் செங்கல் சுமந்தேன். கடைசியில் சங்கரன்கோவில் நூல் மில்லில் பஞ்சுப்பொதி தூக்கும் வேலை கிடைத்தது. பதிலி ஆள்தான். ஆனால் தோட்டத்து லயம் மாதிரி வரிசையாக ஒட்டிக் கட்டியதில் ஒரு வீடு கொடுத்தார்கள். என் மனைவி பாக்கியம் வாசலில் முருங்கைக் கொம்பு நட்டு, இனி எங்கேயும் மூட்டை கட்டமாட்டேன் என்று அறிவித்துவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து எனக்குக் குடல் இறங்கியது.

ஆபரேஷன் செய்து உடம்பு தேறி வந்தால் வேலை நிரந்தரம், ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் வராவிட்டால் வேறு ஆள் என்று மானேஜர் சொன்னார். சம்பளத்தில் பிடிக்கிற காப்பீட்டுக்கு என்னிடம் ஒரு கார்டு இருந்தது. ஊரிலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் அதைக் காட்டினேன். அங்கிருந்த சர்ஜன் நல்ல மனிதர், கார்டுக்கே வெட்டுகிறேன் என்றார். கட்டிலும் கார்டுக்கே. மயக்கம் கொடுக்கிறவர் மட்டும் ஆஸ்பத்திரி ஆள் இல்லை. அவர்கள் ஊர் ஊராகப் போய் மயக்கிவிட்டு வருகிறவர்கள். கார்டுக்கு வரச் சம்மதிக்கிறவரை நோயாளியேதான் தேடிப் பிடிக்க வேண்டுமாம். வெட்ட ஆள் கிடைத்தும் மயக்க ஆளில்லாமல் அலைந்தவன் இந்தத் தாலுகாவில் நானாகத்தான் இருக்கும். திருநெல்வேலியில் ஒருவர், சர்க்கார் பணம் வருவதற்குள் தன் மகளுக்குக் கல்யாணமே முடிந்துவிடும் என்றார். மகள் அப்போது தொட்டிலில் இருந்தாள். ராஜபாளையத்துக்குப் போனபோது, டாக்டர் தூங்குகிறார், எழுப்பக்கூடாது என்று கம்பவுண்டர் திருப்பி அனுப்பினார்.

மிச்சமிருந்தவர் புளியங்குடியிலிருந்து புதன்கிழமைதோறும் ஸ்கூட்டரில் அதே சின்ன ஆஸ்பத்திரிக்கு வருகிற மயக்க டாக்டர். அவர் கார்டுக்கு வரமாட்டார் என்று வாசலில் யாரோ சொல்லியிருந்ததால் கடைசியாக வைத்திருந்தேன். இவரையும் விட்டால் வேறு ஆள் இல்லை என்பதால் முறைப்படி அணுக நினைத்தேன். முறை என்றால் எங்கள் தோட்டத்து முறை. துரையிடம் ஒன்று கேட்கப் போனால் செருப்பைக் கழற்ற வேண்டும், குடையை மடக்கிக் கக்கத்தில் வைக்க வேண்டும், படிக்குக் கீழே நிற்க வேண்டும். அவர் பார்க்கும்வரை வாய் திறக்கக்கூடாது. துரை ஏதாவது எடுபிடி வேலை சொன்னார் என்றால் மனு பாதி பலித்தது என்று அர்த்தம். அப்படியே வேப்பமரத்தடியில், அவர் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன்.

முதல் புதன் அவர் பையை என் கையில் கொடுத்தார். அடுத்த புதன் ஸ்கூட்டரை நிழலுக்குத் தள்ளச் சொன்னார். குடலைப் பிடித்துக்கொண்டே தள்ளினேன். அதற்கடுத்து சீட்டைத் துடைக்கச் சொன்னார். கேட்டீர்களா என்று பாக்கியம் ஒவ்வொரு முறையும் விசாரிப்பாள். இன்னும் இல்லை, ஆனால் நாளுக்கு நாள் நெருங்கி வருகிறார் என்பேன். ஆடியும் நெருங்கி வந்தது.

மில்லில் எங்களுக்கு மேஸ்திரி கோமதிநாயகம் அண்ணாச்சி. ஒரு புதன்கிழமை அந்த வழியாகச் சைக்கிளில் போனவர் என்னைக் கண்டு இறங்கினார்.

“என்ன வே, வண்டிக்குக் காவலா நிக்கீரு? கேட்டீரா இல்லியா?”

“அவரு இன்னும் என்னைப் பார்க்கலைங்க அண்ணாச்சி.”

“அவரு எதுக்குவே பாக்கணும்? குடலு இறங்கினது உமக்குல்லா?”

அதற்குள் டாக்டர் வெளியே வந்துவிட்டார். வாசலில் ஏழெட்டுப் பேர் அவரைச் சுற்றி ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி என் முதுகில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு, அத்தனை தலைக்கும் மேலாகக் கத்தினேன். எனக்குக் குடல் இறங்கியிருக்கிறது, கையில் கார்டுதான் இருக்கிறது, மயக்க வருவீர்களா என்று கேட்டேன். தெருவில் போன மாட்டுவண்டிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீரு ஆஸ்பத்திரி ஆளு இல்லியா வே?”

“இல்லைங்கய்யா. நோயாளி.”

“கார்டுக்கு வரமாட்டேன்னு யாரு சொன்னா? வருஷக்கணக்கா வாரேன். மொத நாளே கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். குடலு இறங்கினவரைப் போயி ஸ்கூட்டரைத் தள்ளவிட்டிருக்கேனே.”

அண்ணாச்சி சிரித்ததில் சைக்கிள் சாய்ந்துவிட்டது. அந்தக் கதை எனக்கு முன்பே மில்லுக்குப் போய்ச் சேர்ந்தது. வேலை போகவில்லை. ஆடித்தபசுக்கு முன்பே பொதிக்கிடங்கில் நிரந்தர ஆளாக நின்றேன். ‘ஸ்கூட்டர்’ என்ற பட்டப்பெயரும் நிரந்தரமாகிவிட்டது. அதற்கு முன் எனக்கிருந்த பெயர் ‘சிலோன்’. அங்கே இருந்தவரை ‘இந்தியாக்காரன்’. இந்த மூன்றில் நானாகச் சம்பாதித்தது ஸ்கூட்டர் ஒன்றுதான்.

ஆபரேஷன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், பயப்படுகிறவர்களுக்கு உதவும். முழுக்கத் தூங்கவைக்கவில்லை. முதுகுத்தண்டில் ஒரு ஊசி. கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போயிற்று. மேல்பாதி விழித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தது. தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த மயக்க டாக்டர், இந்த வருஷமும் சாரல் ஏமாற்றிவிட்டதே என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். நானும் இந்த ஊரில் விதைத்தவன் போல ஆமாம் என்றேன். அப்போது நர்ஸ், பச்சைத் துணித் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு காலைத் தூக்கினாள். யாரோ ஒருவருடைய கால். பாவம், யாருக்கு என்ன நோயோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த பழைய தழும்புகள் கறுப்புக் கறுப்பாக இருந்தன. இந்த வறண்ட சீமையில் யாரை அட்டை கடித்திருக்கும்? மழை நாளில் மஸ்கெலியா மலையில் ஏறி இறங்கினவன் காலாகத்தான் இருக்க வேண்டும்.

டாக்டர் குனிந்து, “வலிக்கா வே?” என்று கேட்டார்.

“எனக்கு வலிக்கலைங்க. அந்த ஆளுக்கு எப்படின்னு தெரியல” என்றேன்.