உத்திரமேரூருக்கு 94 கிலோமீட்டர், ஒரு நோன்பு

உத்திரமேரூரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கல்வெட்டில்தான் தொடங்குகிறார்கள். நான் முதல்முறை அந்த ஊருக்குப் போனபோது கல்வெட்டு இருந்த பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ஒரு தண்ணீர் வாளியோடு போனேன், அதே வாளியோடு திரும்பி வந்தேன். போன வாரம் ஒரு வாசகர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார்: ரமலான் மாதத்தில் சென்னையிலிருந்து உத்திரமேரூர் வரை காரில் போகிறோம், நோன்பு வைத்திருக்கும் அப்பாவையும் கூட்டிப்போகலாமா, தூரம் சரியாக எவ்வளவு? தூரம் கேட்டால் சொல்ல எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கோடு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1985, மே மாதக் கடைசி. கத்திரி வெயில் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. நான் ராயபுரத்தில் ஒரு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. எங்கள் கம்பெனிக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. பேருக்கு எல்லோரும் ஸ்டோர்ஸில் வேலை. உண்மையில் பந்து ஆடத்தான் சம்பளம். விடுமுறை நாட்களில் அணிக்கு எடுபிடி நான். வாளி, ஸ்பாஞ்சு, ஐஸ், கட்டுத்துணி எல்லாம் என் பொறுப்பு. மைதானத்தில் ஒருவன் விழுந்தால் என்னைக் கேட்காமலே என் கால் ஓடும். தலையில் ஒரு பிழி, பிடரியில் ஒரு பிழி, தாடையைப் பிடித்து வாயில் ஒரு பிழி. நான்கு வருடமாக அதே வரிசை.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வண்டியில் ஏறினாலும் கிளம்பிய நேரத்தையும் மீட்டரையும் குறிப்பேட்டில் எழுதிவிடுவேன். அணியில் என் பெயரே "மைல்கல்" என்றாகிவிட்டது. கிண்டல்தான், இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது.

அன்று உத்திரமேரூரில் ஏழு பேர் ஆடும் கோடைப் போட்டி. காலையில் அரையிறுதி, மாலையில் இறுதி. வேன் ராயபுரத்தில் கிளம்பியது 3.20. தாம்பரம் தாண்டியது 4.05. இந்த இரண்டு நேரங்களையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேனில் ஏறும்போதே எங்கள் இடதுபுற ஆட்டக்காரன் யூசுப் ஒரு தூக்குச்சட்டியைத் திறந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வயது இருபத்திரண்டு. அவன் கால் வேகத்தை நம்பித்தான் எங்கள் அணியே இருந்தது. தாம்பரம் வருவதற்குள் தண்ணீர் குடித்து, வாய் கொப்பளித்து, சட்டியை மூடிவிட்டான். ரமலான் நோன்பு; அதற்குப் பிறகு மாலை ஆறரை வரை ஒன்றும் கிடையாது.

செங்கல்பட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். டீ ஐம்பது காசு, நான்கு இட்லி ஒரு ரூபாய். யூசுப் வேனிலேயே இருந்தான். காப்டன் டேவிட் டீ கிளாஸோடு வந்து ஜன்னலில் சாய்ந்தான்.

"டேய், ரெண்டு மேட்ச் கீதுடா இன்னிக்கி. அதுவும் இந்த வெயில்ல. ஒரு நாள் வுட்டா இன்னாடா?"

"பதிமூணு வயசுலேர்ந்து ஒண்ணு கூட வுட்டதில்ல, காப்டன். லீக் மேட்ச்ல கூட வுடல."

சும்மா இருக்க முடியாமல் நானும் ஜன்னல் பக்கம் போனேன். "யூசுப், பயணத்துல இருக்கறவங்களுக்கு சலுகை உண்டுன்னு உங்க தெருவுலயே சொல்லிக் கேட்டிருக்கேனே. இன்னிக்கி தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல போறோம். கணக்கு நான் தர்றேன்" என்றேன்.

சிரித்தான். "எனக்கும் தெரியும்ண்ணே. அது முடியாதவங்களுக்கு. என்னால முடியும்."

அதைச் சொன்ன விதத்தில் பக்தி இருந்தது, கொஞ்சம் மிடுக்கும் இருந்தது. பந்தோடு ஓடும்போது அவன் முகத்தில் தெரியும் அதே மிடுக்கு. சலுகையை வேண்டாம் என்று சொல்ல முடிவதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகவும், நிறையப் பொறாமையாகவும் இருந்தது.

புக்கத்துறை கூட்டு ரோட்டில் வலப்பக்கம் திரும்பி உத்திரமேரூர் போய்ச் சேர்ந்தபோது மணி 6.15. மீட்டரில் 94 கிலோமீட்டர். மைதானம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஏரி வற்றிக் கிடந்த ஓர் ஓரத்தைச் சமப்படுத்திச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கணுக்கால் பத்திரம் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தேன்.

அரையிறுதி 7.30க்கு. சுலபமாக ஜெயித்தோம், 3-0. யூசுப் இரண்டு போட்டான். அதற்குப் பிறகு மாலை வரை காத்திருப்பதுதான் கொடுமை. போட்டி நடத்தியவர்களில் ஏகாம்பரம் என்று ஒரு விவசாயி. எங்களைத் தன் மாந்தோப்பில் தங்க வைத்தார். மத்தியானம் பிரியாணி. அணியில் முஸ்லிம் பையன் இருக்கிறான் என்று முன்பே விசாரித்து, கடைத்தெரு பாய் கடையில் சொல்லிவைத்து அவர்கள் முறைப்படி அறுத்த கறி வாங்கிச் சமைத்திருந்தார். அந்தப் பையனே சாப்பிடவில்லை என்றதும் மனிதர் தவித்துப்போனார். அது நோன்பு மாதம் என்பது அவர் ஞாபகத்தில் வரவே இல்லை.

"இன்னா சார் இது! வெயிலு இப்டி கொளுத்திக்கினு கீது, அவுரு ஒரு சொட்டு தண்ணி கூட வாய்ல வெக்காம படுத்துக்கினு கீறாரு. எனுக்கு சோறு எறங்குமா?" என்று என்னிடம் வந்து புலம்பினார். பிறகு அவரே ஒரு டிபன் கேரியரில் பிரியாணியை நிரப்பி, "பொழுது சாஞ்சதும் குட்துடு சார்" என்று என் கையில் திணித்தார்.

இறுதி ஆட்டம் 4.45க்கு, பக்கத்து ஊரான காவாந்தண்டலம் பையன்களோடு. இருபத்தைந்து நிமிடம், இடைவேளை, மறுபடி இருபத்தைந்து நிமிடம். அவர்களுக்கு அந்தத் தரை பழக்கம், எங்களுக்கு இல்லை. இடைவேளையில் 1-1. யூசுப்பின் உதடு வெளுத்திருந்தது. டேவிட் அவனை மாற்றப்போவதாகச் சொன்னான். "இன்னும் பத்து நிமிஷம் பாரு காப்டன்" என்றான் யூசுப். நான் வாளியை அவனுக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு ஈரத்துணியை மட்டும் அவன் கழுத்தில் போட்டேன். காலையில் நோன்பை விடச் சொல்லி வாதம் செய்தவன் நான், மாலையில் அவன் நோன்புக்கு நானே காவல். பாதி வழிக்கு மேல் வந்துவிட்டான், இனி எப்படியாவது ஒப்பேற்றிவிடட்டும் என்றிருந்தது எனக்கு.

இரண்டாம் பாதியில், மணி 5.32. பந்தைத் துரத்திப்போனவன் யாரும் தொடாமலே மடங்கி விழுந்தான். நான் ஓடினேன். தலையில் ஒரு பிழி. பிடரியில் ஒரு பிழி. தாடையைப் பிடித்து வாயில் ஒரு பிழி. அது முடிந்த பிறகுதான் என் கை என்ன செய்தது என்பது எனக்கு உறைத்தது. அவன் தொண்டை அசைந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். பிறகு திரும்பிப் படுத்து, துப்பினான், துப்பிக்கொண்டே இருந்தான். ஸ்பாஞ்சை வீசி எறிந்தேன்; எறிந்து இனி என்ன பயன்?

எழுந்தான். மாற்ற வேண்டாம் என்று கையை ஆட்டினான். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில் இடது ஓரமாகப் போய் ஒரு பந்தை உள்ளே தள்ளினான். டேவிட் தலையால் முட்டிப் போட்டான். 2-1. கூட்டம் உள்ளே ஓடிவந்தது. டேவிட் யூசுப்பைத் தூக்கிக்கொண்டு, "ஒரு வாய் தண்ணிக்கே இந்த ஆட்டமாடா! காலையிலயே குட்ச்சிருந்தா அஞ்சு கோல்டா!" என்று கத்தினான். எல்லோரும் என் முதுகிலும் தட்டினார்கள். அவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை.

கோப்பை கொடுத்தபோது யூசுப் அங்கே இல்லை. கடைத்தெருவிலிருந்த சிறிய பள்ளிவாசலுக்கு நடந்துகொண்டிருந்தான். கேரியரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வழியில் யாரோ அவனிடம் சோடா நீட்டினார்கள், அவன் வாங்கவில்லை. பள்ளிவாசல் தாழ்வாரத்தில் கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கஞ்சிக் கோப்பைகளை வரிசையாக வைத்துவிட்டு, நோன்பு திறக்க மாலைத் தொழுகைக்கான பாங்குச் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். நான் நேரே, அங்கே தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் போய் நின்றேன். வெள்ளைத் தாடி, கையில் பனை விசிறி.

"ஐயா, தப்பு என்மேல. மயக்கமா விழுந்தான், பழக்க தோஷத்துல நான்தான் வாய்ல தண்ணிய பிழிஞ்சிட்டேன். அவன் கேக்கல."

ஹஜ்ரத் நிதானமாகக் கேட்டார். "அவரு இஷ்டமில்லாம மத்தவங்க ஊத்துனதுக்கு நோன்பு முறியாது. நீங்க ஏன் இப்டி பதர்றீங்க?"

எனக்கு உயிர் வந்தது. யூசுப்பைப் பார்த்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஹஜ்ரத், முதல் மடக்கு அண்ணன் ஊத்துனது. அப்ப எனக்கு முழிப்பு வந்துருச்சு. வாய்ல இன்னும் தண்ணி இருந்துது. துப்பியிருக்கலாம். துப்பல. முழுங்கிட்டு அப்புறம்தான் துப்பினேன்." கொஞ்சம் நிறுத்தினான். "என்னால முடியல."

ஹஜ்ரத்தின் பதிலோடு அந்தப் பையன் விடுதலையாகியிருந்தான், அங்கேயே வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அதைவிட, காலையில் வேன் ஜன்னலில் சொன்ன "முடியும்" என்ற வார்த்தையை இப்போது இத்தனை பேர் முன்னால் அவனே திரும்ப எடுத்துக்கொண்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹஜ்ரத் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்கேர்ந்து வர்றீங்க?"

"மெட்ராஸ், ராயபுரம்."

"எத்தினி தூரம் இருக்கும்?"

குறிப்பேட்டை எடுத்தேன். "தொண்ணூத்தி நாலு கிலோமீட்டர்."

"கெளம்புனது எப்போ? விடியறதுக்கு முன்னயா, பின்னயா?"

"மூணு இருபது. தாம்பரம் தாண்டினது நாலு அஞ்சு. இருட்டுதான் ஐயா." பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கையெழுத்தைப் படித்தார், ஏதோ பத்திரத்தைப் படிப்பதைப் போல.

"விடியறதுக்கு முன்னயே கெளம்பி இத்தினி தூரம் வந்ததால நீங்க முசாஃபிர், பயணி. தம்பி, இன்னிக்கி முழுசாவே நீங்க நோன்ப வுட்டிருந்தாலும் குத்தமில்ல. ஒடம்பு முடியாதப்ப அந்த மடக்கும் குத்தமில்ல. ரமலான் முடிஞ்சப்புறம் ஒரு நாள் வெச்சி ஈடு கட்டிடுங்க." விசிறியை அவன் பக்கம் திருப்பினார். "சாயங்காலம் சோடாவ வாங்காம வந்தீங்கன்னு இப்பதான் ஒருத்தர் சொன்னாரு. அதுவும் அல்லாவுக்குத் தெரியும். உக்காருங்க."

6.32க்கு பாங்கு. கஞ்சியை முதலில் யூசுப்பிடம் கொடுத்தார்கள், எனக்கும் ஒரு கோப்பை. ஏகாம்பரத்தின் பிரியாணி எல்லோருக்கும் இரண்டு வாயாவது வந்தது. திரும்பும் வழியில் வேனில் யூசுப் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நோட்டுல நல்லா எழுதி வெச்சீங்கண்ணே" என்றான். அவ்வளவுதான்.

இனி வாசகருக்கு. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, புக்கத்துறை வழியாகப் போனால் நீங்கள் கிளம்பும் இடத்தைப் பொறுத்து 85 முதல் 95 கிலோமீட்டர். காஞ்சிபுரம் வழியாகப் போனால் சற்றுக் கூடும். காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் 28. ஐயங்கார்குளம், கூரம் கோயில்களைப் பார்ப்பதென்றால் அந்த வழிதான் வசதி. மே மாதத்தில் பதினோரு மணிக்குள் சுற்றிப் பார்ப்பதை முடித்துவிடுங்கள். அப்பாவைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். நோன்பை விடுவதா வைப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். கணக்குச் சொல்கிறேன் என்று என்னைப் போல ஜன்னலில் போய் நிற்காதீர்கள். ஆனால் கிளம்பிய நேரத்தை எழுதி வையுங்கள். கல்வெட்டையும் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த ஜூலையில் ஒரு நாள் பயிற்சிக்கு முன்னால் யூசுப் என்னிடம் வந்து, "அண்ணே, இன்னிக்கி அந்த பாக்கி நாளு. வேற யாருக்கும் தெரியாது" என்றான். தலையாட்டினேன். அன்று பயிற்சியில் ஒருமுறை இடறி விழுந்தான். என் கால் வழக்கம்போல ஓடிவிட்டது. பக்கத்தில் போன பிறகுதான் பார்த்தேன், வாளியை எடுக்காமலே வந்திருந்தேன். சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டை எடுத்து, அவன் எழுந்து நிற்கும்வரை விசிறிக்கொண்டிருந்தேன்.