மச்சு வீட்டுக்காரன் கதை

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், புளி தட்டும் காலத்தில், சித்தப்பா ஒடுகத்தூரிலிருந்து அட்டை கிழிந்த நாவல் ஒன்றை வாங்கிவந்தார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் மத்தியானங்களில் பெண்கள் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுக்கும்போது நான் உரக்க வாசிப்பேன். சித்தப்பா வேலை இருப்பதுபோல் பக்கத்திலேயே கயிறு திரித்துக்கொண்டிருப்பார்.

கதையில் ஓர் ஏழைப் பையன் வாத்தியார் மகளை விரும்புகிறான். அவளுக்குத் தகுந்தவனாக வேண்டும் என்று பட்டணம் போய்ப் பணம் சேர்க்கிறான். மச்சு வீடு கட்டி, வாசலில் அவள் பெயரை எழுதுகிறான். அதற்குள் அவளுக்கு வேறிடத்தில் கல்யாணமாகிவிடுகிறது. அத்தனை அறைகளிலும் ஒற்றை ஆளாக நடந்து பார்த்துவிட்டு, ஒருநாள் கிணற்றில் விழுந்துவிடுகிறான்.

கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்தேன். பெண்கள் புளிக்கையோடு கண்ணைத் துடைத்து, அந்த எரிச்சலில் இன்னும் அழுதார்கள். அம்மா மட்டும் அழவில்லை.

“அந்தப் பொண்ண யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா? அவன் பாட்டுக்கு வூடு கட்னான், அவன் பாட்டுக்குச் செத்தான்,” என்றார்.

சித்தப்பா கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்து போனார். நாங்கள் புளி மூட்டை கொண்டுபோய்ப் போடும் ஒடுகத்தூர் மளிகைக்கடைக்காரரின் மகள்மேல் அவருக்கு ஆசை என்பதும், அதற்காகத்தான் பெங்களூர் போய்ச் சம்பாதிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் ஆளைக் காணோம். “எங்கயாச்சும் போயிருப்பாரு,” என்றார் அம்மா. ஆனால் கையிலிருந்த சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் ஓடிப்போய் எங்கள் நிலத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் என் தலைதான் தெரிந்தது. பக்கத்து நிலத்துக் கிணற்றில் சித்தப்பாவின் பச்சைத் துண்டு மிதப்பதுபோல் இருந்தது. அது பாசி என்று தெரிவதற்குள் ‘சித்தப்பா’ என்று கத்திவிட்டேன். கடைசிப் பக்கம் கிழிந்துபோயிருந்தது என்று நான் சொல்லியிருக்கலாமே என்று திரும்பத் திரும்பத் தோன்றியது. பிறகு பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். வந்த பஸ்களில் அவர் இல்லை.

சாயங்கால பஸ்ஸில் சித்தப்பா இறங்கினார். வெளுத்த வேட்டி கட்டி, தலையைப் படிய வாரியிருந்தார்.

“இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற?” என்றார்.

அவர் கையைப் பிடித்த நான் வீடு வரும்வரை விடவில்லை.

“கடைக்குப் போனேன் அண்ணி,” என்றார் அம்மாவிடம். “அது தனியாத்தான் இருந்துச்சு. கேட்டுட்டேன்.”

“இன்னா சொல்லிச்சு?”

“‘நீங்க எந்த ஊருங்க?’ன்னு கேட்டுச்சு. மூணு வருசமா அங்கதான் மூட்ட எறக்கறேன்.”

நான் சிரித்துவிட்டேன். சித்தப்பாவும் சிரித்தார். சாமைச் சோற்றை இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இப்படிச் சாப்பிடுகிறவருக்கு ஒன்றும் ஆகாது என்று நான் நிம்மதியாகப் படுத்துக்கொண்டேன். அவர் படுத்த பிறகும் அம்மா விளக்கை அணைக்காமல், வாசற்படியை மறித்து உட்கார்ந்திருந்தது ஏன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.